மனிதரை மாடலுக்குள் கொண்டுவரும்போது செய்யக்கூடாத தவறுகள்

விமானத்தைக் கணினி மாடலில், அதாவது சிமுலேஷனில், கொண்டுவருவதில் பெரிய சிக்கல் இல்லை. எடை, வேகம், காற்று, எரிபொருள் என்று எல்லாவற்றுக்கும் சமன்பாடு இருக்கிறது. அதை ஓட்டுகிற விமானியையும், கீழே ரேடார் திரை முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலரையும் சேர்க்கிற இடத்தில்தான் நல்ல நல்ல மாடல்களே சறுக்குகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஆளுக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க் லகார்டியாவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320 பறவைக்கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சினிலும் உந்துவிசை போய், ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். ஓடுபாதைக்கே திரும்பியிருக்கலாமே என்ற கேள்வி விசாரணையில் வந்தது. சிமுலேட்டரில் பறவை மோதிய உடனே திருப்பிப் பார்த்தார்கள், சில முயற்சிகளில் ஓடுபாதையை எட்டவும் முடிந்தது. ஆனால் சிமுலேட்டரில் ஓட்டிய விமானிகளுக்கு என்ன வரப்போகிறது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முன்பே தெரியும். நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க 35 நொடி சேர்த்து மறுபடி ஓட்டியபோது விமானம் ஓடுபாதைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த 35 நொடியைச் சேர்க்காமல் விட்டிருந்தால், சரியான முடிவெடுத்த விமானிகள் மீதே பழி விழுந்திருக்கும். உங்கள் சோதனையில் பங்கேற்பவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தால், அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நிஜ வானத்துக்கான எண்ணாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அடுத்த தவறு, கோளாறுகளைத் தனித்தனியாகச் சோதிப்பது. போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் அந்த அமைப்பின் அபாயத்தை மதிப்பிட்டபோது அந்தத் தள்ளலை மட்டும் சிமுலேட்டரில் கொடுத்து, விமானி சமாளிப்பாரா என்று பார்த்தார்கள். நிஜத்தில் ஒரே ஒரு சென்சார் தப்பாகக் காட்டியதும் விமானி கையில் இருக்கும் கன்ட்ரோல் பிடி நடுங்க ஆரம்பித்தது, இரு பக்கக் கருவிகள் காட்டும் வேகமும் உயரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற எச்சரிக்கைகள் கூடவே வந்தன, அதற்கு நடுவில்தான் மூக்கும் கீழே போனது. எது மூலக் கோளாறு, எது அதன் விளைவு என்று பிரித்துப் பார்ப்பதே அங்கே முக்கால்வாசி வேலை. மாடலில் அந்த வேலைக்கு இடமே இல்லை.

அப்புறம், எச்சரிக்கை ஒலித்தால் விமானிக்குப் புரிந்துவிட்டது என்று எழுதிவிடுவது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இல் வேகம் அளக்கும் பிட்டோ குழாய்கள் பனியால் அடைபட்டு ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானம் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன, எச்சரிக்கையும் தொடர்ந்து ஒலித்தது. ஆனால் அளவிட்ட வேகம் 60 நாட் (knot, மணிக்குச் சுமார் 110 கி.மீ.) அளவுக்குக் கீழே போனால் அந்தத் தரவு செல்லாது என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை நின்றுவிடும். விளைவைப் பாருங்கள்: மூக்கைக் கீழே இறக்கினால், அதாவது சரியானதைச் செய்தால், வேகம் கூடி எச்சரிக்கை திரும்பக் கத்துகிறது, மேலே இழுத்தால் அமைதியாகிவிடுகிறது. சரியாகச் செய்பவரைக் கருவியே குழப்புகிறது. மனிதருக்கு ஒரு மாடல், கருவிக்கு ஒரு மாடல் என்று தனியாகச் செய்து கடைசியில் ஒட்டினால் இந்தச் சுழல் கண்ணில் படவே படாது. இரண்டையும் ஒன்றாக ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

வான்வெளி மேலாண்மையிலும் இதே கதைதான். மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ், விமானி சுமார் 5 நொடிக்குள் கட்டளையைப் பின்பற்றத் தொடங்குவார் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே, ஒரு விமானத்தில் டிகாஸ் மேலே ஏறச் சொன்னது, கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார். விமானிகள் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார்கள். எதிரே வந்த விமானமும் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள். டிகாஸ் என்ன சொன்னது என்பது கன்ட்ரோலர் திரையில் வரவில்லை. அன்றிரவு அவர் தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பராமரிப்புப் பணியால் முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. ‘கன்ட்ரோலர்’ என்று ஒரு பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டால் இதில் எது பிடிபடும்?

வேலைப்பளுவை விமானங்களின் எண்ணிக்கையால் அளப்பதையும் விட்டுவிடுங்கள். நேர்கோட்டில் போகும் பதினைந்து விமானங்களை விட, புயலைச் சுற்றி வழி கேட்கும் ஆறு விமானங்கள் கன்ட்ரோலரை அதிகமாகப் பிழியும். பளு குறைந்தால் பாதுகாப்பு கூடும் என்பதும் சரியில்லை. சும்மா கண்காணித்துக்கொண்டிருக்கும் ஆளின் கவனம் முதல் அரை மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்குவதை உளவியல் ஆய்வாளர் மேக்வொர்த் 1948-லேயே காட்டிவிட்டார், ஆட்டோமேஷன் மனிதருக்கு மிச்சம் வைப்பது பெரும்பாலும் அந்தக் கண்காணிப்பைத்தான்.

அதனால் எதிர்வினை நேரத்துக்கு ஒரே சராசரியைப் போட்டு ஓட்டாதீர்கள். 5 நொடி, 15 நொடி, 35 நொடி, எதிர்வினையே இல்லாத நிலை என்று மாற்றி மாற்றி ஓட்டி, எந்த எண்ணில் பாதுகாப்பு உடைகிறது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.