கிராமத் தகவல் மையம்: கணினியை யார் வீட்டில் வைக்கிறீர்கள்?

போன மாதம் இரண்டு இளைஞர்கள் தாங்கள் தொடங்கிய தகவல் மையத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனார்கள். மனு டைப் அடிக்க, விலை நிலவரம் தெரிந்துகொள்ள ஊருக்குப் பொதுவாகக் கணினி வைக்கும் இடம் அது. ஊரிலேயே பெரிய வீடு. முன்கூடத்தில் கணினி, பிரிண்டர், யுபிஎஸ். "வாடகை இல்லை சார், கரண்ட் பில்லும் அவங்களே கட்டுறாங்க, பொருளும் பத்திரம்" என்றார்கள். இருபது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதையும், மையம் தொடங்குவோர் செய்யும் வேறு சில தவறுகளையும் எழுதுகிறேன்.

பெரிய வீட்டுக் கூடம்

என் முதல் மையமும் அப்படியொரு வீட்டில்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் பதினைந்து இருபது கையெழுத்து விழும். நான்கு மாதம் கழித்துத்தான் பெயர்களை உட்கார்ந்து படித்தேன். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. பெண்கள் மூன்றே பேர், மூவரும் அந்த வீட்டுக்குச் சொந்தம்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். கையில் விதவை உதவித்தொகை மனு, நாலாக மடித்து வியர்வையில் நைந்திருந்தது. அதை டைப் அடிக்க டவுனுக்குக் கிளம்பியிருந்தார். ஊரிலேயே மையம் இருக்கிறதே என்றேன். "அது நாங்க ஏறுற படி இல்லப்பா. ஏறினாலும், அவங்க வயல்ல கூலிக்குப் போறவ, அவங்க கூடத்துல உட்கார்ந்து என் கஷ்டத்தைச் சொல்லுவேனா?" என்றார்.

இடத்தை மாற்றலாம் என்றதும் வீட்டுக்காரர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். பேசிப் பேசிப் பொருட்களை வெளியே கொண்டுவர ஆறு மாதம் ஆனது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பொதுக் கட்டடத்துக்கு வந்த பிறகும் காலனியில் அதை "அவங்க கம்ப்யூட்டர்" என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் அப்போதே முன்மாதிரி இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் இந்த வேலையைத் தொடங்கியபோது, இடத்தை ஊரே தர வேண்டும், தலித்துகள் உட்பட எல்லோரும் வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஏம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்தில் அமைந்தது. சாமி கும்பிடும் வாசலில் பழைய கட்டுப்பாடுகள் இருந்தன. மையத்துக்குத் தனி வாசல், அதில் யாரும் நுழையலாம்.

சரி, இடத்தை எப்படித் தேர்வு செய்வது? கடைசித் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணோடு சாயங்காலம் ஊருக்குள் நடந்து பாருங்கள். எந்த இடம் வரும்போது அவர் பேச்சைக் குறைத்து ஓரமாக ஒதுங்குகிறாரோ, அங்கே வைக்காதீர்கள்.

திரையை மட்டும் நம்புவது

அதே புதுச்சேரித் திட்டத்தில், வீராம்பட்டினம் என்ற மீனவக் கிராமத்தில் அலை உயரத் தகவலை இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மீனவர்கள் யாரும் கணினி முன் வந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, இன்னொரு மீனவக் கிராமமான நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரிக்கை வந்தது. மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர்மக்கள் பிழைத்தார்கள். காசு போதவில்லை என்றால் ஒரு கணினியைக் குறைத்துவிட்டு ஒலிபெருக்கி வாங்குங்கள். அப்புறம், மையத்தின் சாவி இரண்டு மூன்று பேரிடம் இருக்கட்டும்.

ஒரே ஆளுக்குப் பயிற்சி

மையத்தை நடத்த ஒரே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால், அவர் கல்யாணமாகிப் போன அன்றே மையமும் மூடும். மூன்று பேருக்குக் கொடுங்கள்.

விலை நிலவரம்

பக்கத்துச் சந்தை விலையை முதலில் எழுதிப் போடுங்கள். கோயம்பேட்டு விலை அப்புறம்.

பேட்டரி

யுபிஎஸ் பேட்டரியை மாதம் ஒருமுறை சோதியுங்கள்.