ஹைஸ்கூலில் பாப் இசை வரலாறு நடத்துவது எப்படி

அமெரிக்க ஹைஸ்கூல் ஒன்றில் விருப்பப் பாடமாக ஒரு செமஸ்டர் பாப் இசை வரலாறு நடத்தும்படி உங்களிடம் கொடுத்தால், உட்கார்ந்ததும் கை தானாக எழுதும்: முதல் வாரம் பிளூஸ், இரண்டாவது வாரம் ஜாஸ், அப்புறம் ராக் அண்ட் ரோல், பீட்டில்ஸ், மோட்டவுன், ஹிப்ஹாப். அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். பெயரையும் வருடத்தையும் பிள்ளைகள் போனில் பார்த்துக்கொள்வார்கள். இருபது முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து, நடுவில் யாரும் பேசாமல், ஒரு பாட்டை முழுசாகக் கேட்பது வகுப்பில் மட்டும்தான் நடக்கும்.

அதற்கு முதலில் நல்ல ஸ்பீக்கர் வேண்டும். லேப்டாப்பில் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் காதில் விழாமல் மோட்டவுன் என்ற டெட்ராய்ட் இசைத்தட்டுக் கம்பெனியைப் பற்றி என்ன பேசினாலும் வீண், அத்தனை ஹிட் பாட்டுகளைத் தாங்கிய அந்த மனிதரின் பெயரைப் பல வருடம் இசைத்தட்டில் போடவே இல்லை என்பதையும் பிள்ளைகள் அந்த பேஸைக் கேட்ட பிறகு சொன்னால்தான் அவர்களுக்கு உறைக்கும்.

முதல் வகுப்பில் ஒரு பழைய 78 ஆர்பிஎம் தட்டை (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டு)க் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், பழைய பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். பாட்டு ஏன் மூன்று நிமிடம் என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. (நம் பழைய சினிமாப் பாட்டுகளும் அதே கணக்கில் வந்தவைதான், நீளமான பாட்டு என்றால் இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள்.) 1948இல் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்தது, ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவுசெய்ய ஆரம்பித்ததும், பெரிய குழாய்க்குள் உரக்கப் பாடிய காலம் போய், பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதோரம் பேசுவதுபோலப் பாட முடிந்தது. இப்படிக் கருவியைப் பிடித்துக்கொண்டு போனால் வரிசை தானாக வந்துவிடும்.

கறுப்பின மக்களின் பாட்டு வகையான பிளூஸுக்குக் குறிப்பு எழுதிப் போட வேண்டாம். ஒரு பிளூஸ் பாட்டைப் போட்டு, நான்கு நான்காக எண்ணிக்கொண்டு பன்னிரண்டு சுற்று விரல் மடக்கச் சொல்லுங்கள், மூன்று கார்டு (chord, ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) எங்கே மாறுகிறது என்று கை தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாக அதற்குப் பதில் வரி என்று சொந்தமாக ஒன்று எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டு வரிசையைப் பற்றி எழுதினாலும் சரி. அதற்குப் பிறகு ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியைப் போட்டால், அந்தப் பன்னிரண்டை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் பாடத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் நிறமும் பணமும். 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி பிளூஸ்’ நன்றாக விற்ற பிறகுதான் கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்குப் புரிந்தது. உடனே ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ (இனத் தட்டுகள்) என்று தனியாகப் பிரித்து விற்றார்கள். பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை தன் பட்டியலில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்ட் பிளூஸ்’ என்று போட்டது 1949இல்தான். இதைச் சொல்லிவிட்டு ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை இரண்டு முறை போடுங்கள், முதலில் 1953இல் வெளியான பிக் மாமா தார்ன்டனின் தட்டு, அடுத்து 1956இல் எல்விஸ் பிரெஸ்லி. முதலாவதில் ஒரு பெண் தன்னை ஏய்த்துப் பிழைக்கும் ஆணை வாசலைவிட்டுத் துரத்துகிறாள். இரண்டாவதில் முயல்கூடப் பிடிக்காத நாய் என்று வரிகளே மாறிவிட்டன. யார் நன்றாகப் பாடினார் என்று கேட்காதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று கேளுங்கள், பீரியட் முடியும்வரை விவாதம் ஓடும். இரண்டையும் எழுதியதாகப் பெயர் இருப்பது லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

வெள்ளையர்கள் கறுப்பின மக்களைக் கேலி செய்து முகத்தில் கரி பூசி ஆடிய மின்ஸ்ட்ரெல் மேடையையும் ஒளிக்கக் கூடாது, ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் திடீரென்று படம் போட்டுக் காட்டவும் கூடாது. முந்தைய வாரமே பிள்ளைகளிடம் பேசி, வீட்டுக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். கெட்ட வார்த்தை வரும் பாட்டுகளுக்கும் அதுதான் வழி.

ஹிப்ஹாப்புக்கு இரண்டு போன் போதும். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ, சிண்டி கேம்பெல் ஏற்பாடு செய்த விருந்தில் அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் தட்டு போட்டார். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் ஆடுகிறது என்று அவர் கவனித்து, இரண்டு தட்டுகளை வைத்து அந்த இடத்தையே நீட்டிக்கொண்டு போனார். இரண்டு போனில் ஒரே பாட்டின் அந்தத் துண்டை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்து, அந்த மனிதர்மேல் மரியாதை வந்துவிடும்.

கடைசிப் பரீட்சை வேண்டாம். அதற்குப் பதில் வீட்டில் வயதில் மூத்த ஒருவரிடம், பதினாறு வயதில் என்ன பாட்டு கேட்டீர்கள், எதில் கேட்டீர்கள், யார் கேட்கக்கூடாது என்றார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்து வரச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் யாராவது ஒரு பாட்டி இலங்கை வானொலியைப் பற்றிப் பேசுவார். அதையும் மற்றப் பிள்ளைகளின் பதிவுகளோடு வகுப்பில் முழுசாகப் போடுங்கள், மொழி புரியாதவர்களுக்கு அந்தப் பேரப்பிள்ளையே எழுந்து நின்று சொல்லட்டும்.