லேன் போர்ட் இல்லாத லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர்: விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் கேபிளைப் பாருங்கள்

மாடி அறையில் இருந்த பழைய டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு லேப்டாப் வைத்தபோது, அதன் பின்னால் இருந்த லேன் கேபிள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ரவுட்டர் கீழே ஹாலில். நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் மாடியில் வைஃபை இரண்டு கோடுதான் காட்டும். வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் அப்படியே உறைந்துபோகும். கேபிள் இருக்கிறது, லேப்டாப்பில்தான் அதைச் செருக இடம் இல்லை. யுஎஸ்பியை லேன் போர்ட்டாக மாற்றும் ஒரு அடாப்டர் வாங்கினேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தது நான்கு நாள் இழுத்தது. அந்த நான்கு நாளை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

படி 1: எந்த அடாப்டர்

பெட்டியில் இருக்கும் பிராண்டைவிட உள்ளே இருக்கும் சில்லுதான் முக்கியம். என் ஓட்டு ரியல்டெக் ஆர்டிஎல்8153-க்கு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செருகியதும் எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவிலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆசிக்ஸ் ஏஎக்ஸ்88179 இருந்தாலும் வாங்கலாம். விற்பனைப் பக்கத்தில் சில்லின் பெயரே போடாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். அவற்றில் பல யுஎஸ்பி 2.0, நூறு எம்பிபிஎஸ் ரகம்.

2.5 ஜிகாபிட் அடாப்டரும் கிடைக்கிறது (ஒரு ஜிகாபிட் என்பது 1000 எம்பிபிஎஸ்). ரவுட்டரிலும் 2.5 ஜிகாபிட் போர்ட் இருந்தால்தான் அதனால் பயன். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் ஒரு ஜிகாபிட்தான், அதற்கு மேல் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று: பென் டிரைவ் மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கும் வகையைவிட, குட்டி வயர் வைத்த வகையை எடுங்கள். கனமான லேன் கேபிள் தொங்கும்போது அந்த இழுப்பு லேப்டாப் போர்ட்டின் மேல் விழாது. ஓடும்போது அடாப்டர் வெதுவெதுப்பாக இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

படி 2: சரியான போர்ட்டில் செருகுங்கள்

யுஎஸ்பி 3.0 போர்ட் வேண்டும். உள்ளே நீல நிறம் இருக்கலாம், அல்லது பக்கத்தில் எஸ்எஸ் என்ற குறி இருக்கலாம். யுஎஸ்பி 2.0-வின் கணக்கு வேகமே 480 எம்பிபிஎஸ்தான். நடைமுறையில் முந்நூறு சொச்சத்தைத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்கு அதுவே போதும். அதற்கு மேல் பிளான் இருந்தால் கவனியுங்கள்.

செருகியபின் சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வயர் வேலை செய்யாமலே வைஃபை வழியாக நெட் வந்துகொண்டிருக்கும், நீங்கள் வயரில் வருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

படி 3: லிங்க் வேகம் பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் (வயர் இணைப்பு) என்று போனால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் கேபிள் பக்கம் எல்லாம் சரி. 100/100 என்றால் எங்கோ ஒரு குறை. இந்த எண் அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள வேகத்தை மட்டும்தான் சொல்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியிருந்தாலும் இங்கே 1000 என்றே காட்டும்.

எனக்கு இந்த வரி நிலையாக நிற்கவே இல்லை. அடாப்டரின் பச்சை விளக்கு எரியும், மூன்று நான்கு விநாடியில் அணையும், மறுபடி எரியும். திரையின் மூலையில் இணைப்புச் சின்னம் வந்து வந்து போகும். அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மீண்டும் போட்டேன். போர்ட்டை மாற்றினேன். அடாப்டர் பழுது என்று திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே கண்சிமிட்டல்.

கேபிள் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறு வருடமாகப் பழைய டெஸ்க்டாப்பில் ஒரு நாள் கூடத் தகராறு செய்யாத கேபிள் அது. நான்காம் நாள், ஏதோ தோன்றி, கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான ஆர்ஜே45 பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுத் தங்க நிறத் தகடு இருக்கிறது, அவற்றின் கீழே வந்து சேர வேண்டிய எட்டு வயரில் நான்குதான் இருந்தன. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே வெட்டி விடப்பட்டிருந்தன.

கேபிள் இழுத்த தம்பியிடம் கேட்டேன். "நூறுக்கு நாலு கம்பி போதும் சார். மிச்ச நாலு பின்னாடி இன்னொரு லைனுக்கு ஆகும்னு விட்டுடுவோம்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. நூறு எம்பிபிஎஸ் ஈதர்நெட் 1, 2, 3, 6 என்ற நான்கு முனைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. என் பழைய டெஸ்க்டாப்பில் இருந்தது நூறு எம்பிபிஎஸ் போர்ட், அதனால் அதற்குக் குறை தெரியவில்லை. ஜிகாபிட் அப்படி இல்லை. 1999-ல் வந்த அந்தத் தரம் நான்கு ஜோடியிலும் ஜோடிக்கு 250 எம்பிபிஎஸ் வீதம் அனுப்புகிறது. ஒரு ஜோடி இல்லையென்றாலும் ஜிகாபிட் கிடையாது.

விளக்கு கண்சிமிட்டியதற்கும் இதுதான் காரணம். நமக்குள் என்ன வேகம் என்று அடாப்டரும் ரவுட்டரும் பேசிக்கொள்வது அந்த ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில்தான். இரண்டும் ஜிகாபிட் என்று ஒத்துக்கொள்கின்றன. ஒத்துக்கொண்டபின் மற்ற ஜோடிகளைத் தேடினால் அவை இல்லை. இணைப்பு விழுகிறது, பேச்சு மறுபடி முதலிலிருந்து. சில சாதனங்கள் இரண்டு மூன்று முயற்சிக்குப் பின் தாமே நூறுக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட சாதனம் வைத்திருப்பவர்களுக்கு வேகச் சோதனையில் எத்தனை முறை பார்த்தாலும் 94, 95 என்றே வரும். அந்த எண்ணைப் பார்த்தால் உடனே பிளக்கை எடுத்துப் பாருங்கள்.

உறுதி செய்ய ஒரு வழி: டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு டேப், அதில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ். அதை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று வையுங்கள். கண்சிமிட்டல் நின்றால் குற்றவாளி கேபிள்தான். சோதனை முடிந்ததும் ஆட்டோ நெகோஷியேஷனுக்கு (வேகத்தைத் தானே பேசி முடிவு செய்யும் அமைப்பு) திருப்பிவிட மறக்க வேண்டாம்.

படி 4: பிளக்கை மாற்றுவது

கிரிம்பிங் டூலும் (பிளக்கை வயரில் அழுத்திப் பொருத்தும் இடுக்கி) கேபிள் டெஸ்டரும் (எட்டு வயரில் எது இணைந்திருக்கிறது என்று விளக்கால் காட்டும் கருவி) வாங்குங்கள். டெஸ்டர் என் கையில் முதலிலேயே இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பழைய பிளக்கோடு மாட்டிப் பார்த்தேன்: 1, 2, 3 எரிந்தது, 4, 5 இருட்டு, 6 எரிந்தது, 7, 8 இருட்டு.

இரண்டு முனையிலும் பிளக்கை வெட்டிவிட்டு, உறையை ஓர் அங்குலம் உரித்து, வயர்களை இந்த வரிசையில் வையுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கிளிப் கீழே, தகடுகள் மேலே, கேபிள் உங்களை நோக்கி இருக்கும்போது இடமிருந்து வலம் இந்த வரிசை. வயர்களை நேராக்கி, அரை அங்குலம் மட்டும் விட்டு ஒரே வெட்டாக நறுக்கிச் செருகுங்கள். முறுக்கை அதற்கு மேல் பிரித்து வைத்தால் இரைச்சல் சேரும். எட்டு நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொடுவதைக் கண்ணால் பார்த்தபின் அழுத்துங்கள். எனக்கு முதல் பிளக்கில் பழுப்பு எட்டவில்லை, வெட்டி இரண்டாவது போட்டேன். பிளக்கை எப்போதும் பத்தாக வாங்குங்கள்.

புது கேபிளே இழுப்பதென்றால் கேட் 6 ரகம், சுத்தச் செம்பு. ஜிகாபிட்டுக்குக் கேட் 5இ கூட நூறு மீட்டர் வரை போதும். சிசிஏ என்று போட்டிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், தொடாதீர்கள்.

இப்போது மாடியில் 1000/1000 அசையாமல் நிற்கிறது.

பதிவு போட்டபின் கேட்டவர்களுக்காகச் சேர்த்தவை

"செருகினால் சிடி டிரைவ் என்று வருகிறது, நெட் இல்லை." சில அடாப்டர்கள் தங்கள் டிரைவரையே உள்ளே சிடி போல வைத்திருக்கும். அந்த டிரைவைத் திறந்து நிறுவினால் பிறகு நெட்வொர்க் அடாப்டராக மாறும்.

"கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பு போய்விடுகிறது." அது மின்சாரச் சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் அதே ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேபின் முதல் டிக்கை எடுங்கள். அந்த டேபே இல்லாத லேப்டாப்பில் அட்வான்ஸ்டு டேபில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் இரண்டையும் அணையுங்கள்.

"அடாப்டர் போட்டதிலிருந்து வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது." எனக்கும் நடந்தது. யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. மவுஸின் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) லேப்டாப்பின் மறுபக்க போர்ட்டுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

"ரவுட்டர் இல்லை, ஆபரேட்டரின் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுகிறேன். விளக்கு எரிகிறது, லிங்க் 1000, ஆனால் நெட் வரவில்லை." பல கேபிள் ஆபரேட்டர்கள் இணைப்பை ஒரு மேக் முகவரியோடு (ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) கட்டிவைப்பார்கள். அடாப்டருக்கு அதற்கென்று தனி முகவரி உண்டு, பழைய கணினியின் முகவரி அல்ல. லிங்க் ஸ்பீடு பார்த்த அதே பக்கத்தில் ஃபிசிக்கல் அட்ரஸ் என்று பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதைப் படம் எடுத்து ஆபரேட்டருக்கு அனுப்பிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள்.