போன வருட வேலையையே இந்த வருடமும் செய்யாமல் ஒரு சேவைச் சங்கத்தை நடத்துவது எப்படி

சங்கத்துக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று புலம்புவதை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து, போன வருடம் உங்கள் சங்கம் செய்த வேலைகளையெல்லாம் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் கொடுத்தது, கண் சிகிச்சை முகாம், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அன்னதானம், கோடையில் மோர்ப் பந்தல், கடற்கரையில் குப்பை பொறுக்கி எடுத்த போட்டோ, பதவியேற்பு விழா, அந்த விழாவுக்கு வந்தவருக்குப் போர்த்திய சால்வை வரை எதையும் விட வேண்டாம். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்விக்கு உண்மையான பதில் எழுதுங்கள்: இதை நாம் செய்யாமல் விட்டிருந்தால் யாருக்காவது நஷ்டமா?

நம் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊர்ச் சங்கம் எழுதினாலும் பாதிக்கு மேல் "இல்லை" என்றுதான் வரும் என்று நினைக்கிறேன். உறுப்பினர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வேலைகளை ஆரம்பித்த காலத்தில் அவை தேவைப்பட்டன. இன்றைக்கு அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, சீருடை எல்லாம் அரசே கொடுக்கிறது. காலை உணவு 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. 108 இருக்கிறது, ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பள்ளிக்குப் போய் மறுபடியும் நோட்டு கொடுத்தால் பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள், அவ்வளவுதான். அந்தப் போட்டோவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க இருபது வயதுப் பையனுக்கு என்ன தலையெழுத்து?

அரசுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. திட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவில்தான் இடைவெளி, சங்கங்களுக்கு இனி வேலையும் அங்கேதான்.

இடைவெளியைக் கண்டுபிடிப்பது

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். ரோடு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பார்கள், அது உங்கள் கையில் இல்லை. அதற்குப் பதிலாக மீன் ஏலக்கூடத்துப் பக்கத்து டீக்கடையில், இ-சேவை மைய வாசலில், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு எழுதிக் கொடுக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். பேச்சோடு பேச்சாக, "போன மாசம் எந்த வேலைக்காக ரெண்டு தடவைக்கு மேல அலைஞ்சீங்க?" என்று கேளுங்கள். நம்ப முடியாத அளவுக்குச் சின்னச் சின்ன விஷயங்கள் வந்து விழும்.

உதாரணத்துக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம். 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள், எல்லோருக்கும் தெரியும். ஆனால் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பது, ஆதார் இணைக்காதது, ரேஷன் கார்டில் ஒரு எழுத்தும் பாஸ்புக்கில் வேறு எழுத்துமாக இருப்பது போன்ற காரணங்களால் இப்படிப்பட்ட பணம் எங்கேயாவது மாட்டிக்கொண்டுவிடும். தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வந்தபிறகு இதைச் சரிசெய்ய ஓடுவதைவிட, பிப்ரவரியிலேயே இரண்டு பேர் ஒரு லேப்டாப்போடு ஏலக்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்புக்காகப் பார்த்துக் கொடுத்தால் அது உண்மையான சேவை. சங்கக் கட்டடத்தில் உட்காராதீர்கள், அங்கே யாரும் படியேறி வரமாட்டார்கள். இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள்: டீ செலவு என்றுகூட ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, ஆதார் நகலைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் நகலை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு மாதிரி. வீட்டுக்கு வீடு சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், மாதாமாதம் பணம் வரும், அந்தப் பணத்தைக் குறிவைத்து போனும் வரும். ஓடிபி சொல்லிவிட்டுப் பதறும் பெண்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் தெரிந்திருந்து, பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன், அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துச் சொல்வதும் பத்து நிமிட வேலைதான். இதற்கு விழா தேவையில்லை, போன் எடுக்கும் ஒரு ஆள் போதும்.

ரத்த தான முகாம் பற்றியும் ஒரு வார்த்தை. தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் நூறு பேர் ரத்தம் கொடுப்பது கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் சிவப்பணுக்களை ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, தட்டணுக்கள் ஐந்து நாள்தான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம் என்பதால், ஊரே ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் பிரசவத்துக்குத் தேவைப்படும்போது கொடுக்க ஆள் இருக்காது. ரத்தப் பிரிவு வாரியாகப் பட்டியல் போட்டு, யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்று குறித்து, ராமநாதபுரம் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் கேட்டுவிட்டு மாதத்துக்குச் சிலராக அனுப்புங்கள். பேனர் கட்டத் தோதுப்படாதுதான், பரவாயில்லை.

கடலின் காலண்டரைப் பாருங்கள்

ரோட்டரி, லயன்ஸ் போன்ற கிளப்புகளின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. மற்ற சங்கங்களும் பெரும்பாலும் நிதியாண்டையோ பள்ளி ஆண்டையோ பார்த்துத்தான் ஓடுகின்றன. ஆனால் நம் ஊர் ஓடுவது வேறு கணக்கில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில், ஆட்கள் ஊரில். முதலுதவிப் பயிற்சி, வலிப்பு வந்தவரை எப்படிக் கையாள்வது, கடலில் விழுந்தவருக்கு மார்பை அழுத்தி மூச்சை மீட்பது, இதையெல்லாம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதே சமயம் கையில் காசில்லாத காலமும் அதுதான், அப்போது போய்ச் சந்தா கேட்டு நிற்காதீர்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம், அவர்களுக்கு வேறு நேரம் பார்க்க வேண்டும்.

இது போக வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு காலைப் பூசை, நோன்பு மாதம், தை அமாவாசை, ஆடி அமாவாசை. ஒரே தெருவில் மூன்று மதத்துக்காரர்களும் இருக்கும் கடற்கரை இது. கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் ஜமாஅத்திலும் பங்குத்தந்தையிடமும் கோயில் கமிட்டியிலும் ஒரு போன் போட்டுக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் மழைக்காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பன் பாசஞ்சர் ரயிலோடு ஆட்களும் போனார்கள், என்ன நடந்தது என்பதே வெளியே தெரியத் தாமதமானது. இன்றைக்குப் புயல் வருவது நாலைந்து நாள் முன்னாலேயே தெரிகிறது, பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஆகவே சங்கத்தின் முக்கிய வேலை புயலுக்கு அப்புறம் அரிசி மூட்டையோடு போவது என்ற நிலையிலிருந்து, புயலுக்கு முன்னால் செய்வது என்று மாறியிருக்க வேண்டும். பலர் இன்னும் மாறவில்லை. தெருவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: தனியாக இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸுக்குப் போகிறவர். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டிலேயே ஒரு பொறுப்பாளர். செப்டம்பரில் புதுப்பித்து, பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநிலத்துக்கு 1070, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு விடாமல், படகின் உள்பக்கத்தில் பெயிண்டால் எழுதிக் கொடுங்கள்.

புயலென்று கூண்டு ஏற்றினால்தான் ஆபத்து என்றும் இருக்க வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட நாளில் வெளியூர் உதவி வந்து சேருவதற்கு முன் தெருவிலிருக்கும் அந்தப் பொறுப்பாளர்தான் கதவைத் தட்ட முடியும். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 வானொலி மீனவர்களுக்காகவே நடப்பது. நீங்கள் அச்சடிக்கும் நோட்டீஸைவிட அதில் ஐந்து நிமிடம் பேசுவது அதிகம் பேரிடம் போய்ச் சேரும், கேட்டுப் பாருங்கள்.

நிவாரணம் சேகரித்தே ஆக வேண்டுமென்றால், பழைய துணி வாங்காதீர்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாருமே எடுக்காத பழைய துணி குவிந்து கிடந்தது. போன் சார்ஜ் செய்ய பவர் பேங்க், நாப்கின், பாய், கொசுவலை, கேஸ் அடுப்பு என்று அந்த ஊரிலிருக்கும் ஒருவர் பட்டியல் சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது, அதிகாரத்தைக் கொடுப்பது

உறுப்பினராகச் சேர், சந்தா கட்டு, மாதக் கூட்டத்துக்கு வா, அப்புறம்தான் வேலை என்ற வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் இரண்டு மணி நேர வேலை. பிடித்திருந்தால் மறுபடியும் வரட்டும், சந்தா எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பி.இ. படிக்கும் பையனிடம் நாற்காலி போடச் சொல்லாமல் பாஸ்புக் சரிபார்க்கும் வேலையை அவன் பொறுப்பில் விடுங்கள், தப்பாகச் செய்தாலும் நடுவில் பிடுங்காதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் பெரும்பாலான சங்கங்கள் செய்வது வெறும் கண்துடைப்பு. மகளிர் அணி என்று ஒன்றை வைத்துக் கோலப்போட்டி நடத்தினால் யார் வருவார்கள்? பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. தலைமை தாங்கத் தெரிந்த பெண்கள் நம் கரையில் இருக்கத்தான் செய்கிறார்கள், நம் சங்கத்தில்தான் இல்லை. இரவு ஏழு மணிக் கூட்டத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றுங்கள், பொருளாளர் பதவியை ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள், செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு. "அக்கா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, கணக்கை நாங்க பார்த்துக்கிறோம்" என்கிற வேலை வேண்டாம்.

பணம்

கியூஆர் கோடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், செயலாளர் மகன் போனுக்கு அல்ல. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால், வருடாவருடம் பொதுக்குழு நடத்தி மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பழைய பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் பலர் குழம்புவார்கள்: துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அதே ஊர்க்காரர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை, மத்திய அரசின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. ஆகவே பணம் வருவதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டுவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

இத்தனையும் செய்ய நேரம் எங்கே என்றால், முதலில் எழுதிய நோட்டில் "இல்லை" என்று வந்தவற்றில் இரண்டை இந்த வருடம் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் பழைய தலைவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதிலும் நியாயம் உண்டு, அவர்கள் கைக்காசைப் போட்டு வளர்த்த வேலை அது. அன்னதானத்தை ஊர்க் கமிட்டியிடம் பாத்திரங்களோடு ஒப்படைக்கலாம், நோட்டுப்புத்தக நிதியைப் பாலிடெக்னிக் சேரும் பிள்ளைகளின் பஸ் செலவுக்குத் திருப்பலாம், பெயர் பழைய தலைவருடையதாகவே இருக்கட்டும். பதவியேற்பு விழாவை மட்டும் பெரிய மண்டபத்திலிருந்து மீனவர் சமுதாயக் கூடத்துக்கு மாற்றி, மிச்சமாகும் தொகையில் பிப்ரவரி பாஸ்புக் வேலைக்கு ஒரு பிரிண்டர் வாங்கிவிடுங்கள்.