பழைய பாணி பேஸ் கிட்டாருக்கு மாற்று பிரிட்ஜ்: அளந்து வாங்குவது எப்படி?

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் பழகும் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் (1951) அல்லது ஜாஸ் பேஸ் (1960) அச்சில் செய்த கிட்டார்தான். அதன் பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங்கின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பாகம், எளிமையானது. வளைத்த இரும்புத் தகடு, அதன்மேல் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தாங்கும் நான்கு சேடில், பின்னால் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும், அவ்வளவே. உப்புக்காற்று வீசும் நம் ஊரில் கிட்டாரில் முதலில் துருப்பிடிப்பதும் அந்த இடம்தான். மாற்ற நினைப்பவர்கள் எடுத்தவுடன் சவுண்டைப் பற்றிக் கேட்கிறார்கள். பொருந்துமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. மாற்றத்தான் வேண்டுமா?

சேடிலின் உயர ஸ்க்ரூ இறுகிப்போனால் துரு நீக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோணச் சாவி) சேரும். அமெரிக்கத் தயாரிப்புக்கு அங்குல அளவுக் கீ. தவறான கீயைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை உள்ளே வழுக்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. தகடு நேராக இருந்தால் புது ஸ்க்ரூவும் சேடிலும் மட்டும் போதும். தகடு பின்பக்கம் தூக்கிக்கொண்டாலோ, மரை தேய்ந்துவிட்டாலோ மட்டும் முழுதாக மாற்றுங்கள்.

2. அளவு எடுங்கள்

அவசரப்படக் கூடாத கட்டம் இது. ஈ ஸ்ட்ரிங்கின் (தடித்தது) நடுவிலிருந்து ஜி ஸ்ட்ரிங்கின் (மெல்லியது) நடுவரை சேடில் மேல் அளந்து மூன்றால் வகுங்கள். பழைய பாணியில் மொத்தம் 57 மில்லிமீட்டர், அதாவது இடைவெளி 19 வரும். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்தால் கணக்கு பிசகும், ஏனென்றால் ஈ ஸ்ட்ரிங் ஜி-யைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிமன்.

அடுத்து ஸ்க்ரூ துளைகள். ஃபெண்டரின் பழைய அமைப்பில் பின்விளிம்பில் ஒரே வரிசையாக ஐந்து துளை. மலிவான நகல்களில் எண்ணிக்கையும் இடமும் மாறும். பிரிட்ஜைக் கழற்றி ஒரு காகிதத்தில் வைத்து, துளைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்துக் கடைக்குப் போனாலும், இணையத்தில் வாங்கினாலும் அந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டாரின் மர உடலில் புதுத் துளை போடத் தேவையில்லாத பிரிட்ஜே தொடக்கக்காரருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. கோட்டோ நிறுவனத்தின் 201 போல, ஃபெண்டரின் ஐந்து துளையிலேயே உட்காரும்படி செய்தவை கிடைக்கின்றன.

3. உயரம்

பலர் விட்டுவிடும் அளவு இது. இப்போது உங்களுக்கு வசதியான உயரத்தில் ஸ்ட்ரிங் இருக்கும்போது, சேடிலுக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? சேடில் ஏற்கெனவே தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், அடித்தட்டு தடித்த பிரிட்ஜை வாங்காதீர்கள். ஸ்ட்ரிங்கைப் போதுமான அளவு இறக்க முடியாது, பிறகு நெக்கை (கிட்டாரின் கழுத்தை) கழற்றி அடியில் மெல்லிய தகடு வைக்க வேண்டிவரும். பிரிட்ஜை மறைக்கும் பழைய குரோம் மூடியை மேலே மாட்டும் ஆசை இருந்தால், கனத்த பிரிட்ஜ் அதற்குள் அடங்குமா என்றும் பாருங்கள்.

4. கனமா, மெலிதா? எந்த உலோகம்?

கனத்த பிரிட்ஜ் போட்டால் ஓசை நீளும் என்று விளம்பரம் சொல்கிறது. புகழ்பெற்ற பேஸ் கலைஞர் மார்க்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் இருப்பது பேட்-ஆஸ் என்ற கனமான பிரிட்ஜ்தான். ஆனால் அதே கிட்டாருக்குள் ஒலியைக் கூட்டும் ப்ரீஆம்ப்பும் இருக்கிறது, அவர் விரலும் இருக்கிறது. இன்னொரு பெரிய பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷனில் சாதாரணத் தகட்டுப் பிரிட்ஜை வைத்தே வாசித்தார். புது ஸ்ட்ரிங் மாற்றினால் காதுக்குத் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்குகூடப் பிரிட்ஜால் வராது என்றே நினைக்கிறேன்.

சுற்றிலும் மரை வெட்டிய பழைய சேடிலில் ஒரு குறை உண்மை: ஓங்கி மீட்டினால் ஸ்ட்ரிங் பக்கவாட்டில் நழுவும். அதே தகட்டில் ஒற்றைப் பள்ளம் உள்ள சேடில் வாங்கினால் அது தீரும். குளச்சல், தேங்காப்பட்டணம் போலக் கடலோரம் இருப்பவர்கள் பித்தளைச் சேடிலும் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவும் உள்ளதைத் தேடுங்கள். பித்தளை கறுக்கும், ஆனால் இரும்பைப் போல இறுகிக்கொள்ளாது.

5. பொருத்துதல்

பழைய பிரிட்ஜைத் தூக்கினால் அடியில் ஓர் எர்த் வயர் தெரியும். அதன் செம்பு முனை புதுத் தகட்டை அழுத்தித் தொட வேண்டும். கறுப்புப் பெயின்ட் பூசிய பிரிட்ஜ் என்றால் அந்த இடத்தில் மட்டும் அடிப்பக்கப் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆம்ப்பில் உர்ரென்று இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் எர்த்திலும் வைத்துச் சோதித்துவிடலாம்.

நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதனால் தளர்ந்த துளையில் ஸ்க்ரூவை அப்படியே முறுக்காதீர்கள். மூங்கில் பல்குச்சியில் மரப்பசை தடவித் துளையில் இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய பிட்டால் மறுபடி துளையிட்டு முடுக்குங்கள். ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுவழுவென்று இறங்கும். கடைசி முறுக்குக்கு முன், ஓரத்து இரண்டு ஸ்ட்ரிங்கும் நெக்கின் இரு விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

6. சுருதி சேர்த்தல்

முதலில் சேடில்களின் உயரத்தைச் சரியாக வையுங்கள், பிறகுதான் இது. நெக்கின் 12-ஆம் ஃப்ரெட்டில் (உலோகக் கம்பியில்) ஹார்மோனிக்கை, அதாவது ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியை, ட்யூனரில் பாருங்கள், அடுத்து அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாகக் காட்டினால் சேடிலைப் பின்னுக்கு இழுங்கள். குறைவாகக் காட்டினால் நெக்கை நோக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் ஸ்ட்ரிங்கை மறுபடி ட்யூன் செய்துவிட்டே பாருங்கள். ஈ சேடில் ஜி-யைவிடப் பின்னால் நிற்பது இயல்பு.

கழற்றிய பழைய பிரிட்ஜை எறிந்துவிடாதீர்கள். துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, ஸ்க்ரூக்களோடு ஒரு கவரில் போட்டு கிட்டார் பையிலேயே வையுங்கள். நாளை விற்கும்போது அசல் பாகம் இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்பார்.