பழைய காடி வாங்குகிறீர்களா? பெயர் மாற்றும் வழி, படிப்படியாக

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வேலையை விட்டதும் தன் பழைய கஞ்சில் காரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவருக்கு விற்றார். பணம் கைக்கு வந்தது. சாவியைக் கொடுத்தார். நீட்டிய பாரத்தில் கையெழுத்தும் போட்டார். "பெயர் மாத்துறத நான் பாத்துக்கிறேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார் வாங்கியவர்.

இரண்டு தீபாவளி கழித்து அப்பா பெயருக்கு ஒரு சம்மன் வந்தது. ஜொகூரில் சிவப்பு விளக்கை மீறியதாம். அப்பா அந்தக் கஞ்சிலில் ஈப்போவைத் தாண்டிப் போனதே அபூர்வம். கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்துச் சாமி மேடையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். காடியை வாங்கிய ஆளின் போன் நம்பர் அதற்குள் மாறிப்போயிருந்தது.

நம் பக்கத்தில் நிறையக் காடிகள் இப்படித்தான் கைமாறுகின்றன. தெரிந்த ஆள், ஒரே கோயில், ஒரே தாமான் (குடியிருப்பு), அப்புறம் எதற்கு ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா வரைக்கும் என்ற நினைப்பு. ஆனால் பணமும் சாவியும் கைமாறினால் காடி கைமாறியதாக ஆகாது. ஜேபிஜே பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, கைமாறிய காடியைப் புதியவர் பெயரில் பதியாமல் 7 நாளுக்கு மேல் ஓட்டக்கூடாது. விற்றவரும் அதே 7 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும்.

முதல் காடி வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக வரிசையாக எழுதுகிறேன். கடையில் வாங்கினால் பெரும்பாலான வேலையைக் கடைக்காரரே செய்துவிடுவார். இது ஆளிடம் ஆள் நேரடியாக வாங்குகிறவர்களுக்கு.

படி 1: காடியைப் பார்க்கும் முன் கெரானைப் பாருங்கள்

கெரான் என்பது காடி யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஜேபிஜே சான்று, விஓசி என்றும் சொல்வார்கள். அதன் அசலைக் கேளுங்கள், போட்டோ வேண்டாம். அதிலுள்ள பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் விற்கிறவருடைய ஐசியோடு ஒத்துப்போகிறதா? "என் மச்சான் பேர்ல இருக்கு, அவன் சிங்கப்பூர்ல" என்றால், மச்சான் ஊருக்கு வரும்வரை ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பிறகு, பேங்க் உரிமை கோரியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் மிச்சம் இருந்தால் முழுவதும் கட்டி முடித்து, பேங்க் தன் உரிமையை ஜேபிஜே பதிவிலிருந்து விடுவித்த பிறகுதான் பெயர் மாற்ற முடியும்.

கெரானில் உள்ளவர் இறந்துபோயிருந்தால் இது வேறு பாதை. காடி இப்போது அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேரும். பிள்ளைகளில் ஒருவர் எடுத்து விற்றுவிட முடியாது. சூழ்நிலையைப் பொறுத்து அமானா ராயா, நிலமோ வீடோ இருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு, அல்லது உயர் நீதிமன்றம் வழியாக அதிகாரக் கடிதம் வாங்கித்தான் மாற்ற வேண்டும். லயத்தின் ஓரத்திலும் தாமான் வீட்டு வாசலிலும் ரோட் டாக்ஸ் இல்லாமல் துருப்பிடித்து நிற்கும் காடிகளில் சில இப்படிப்பட்டவைதான். அப்பா காடியை நினைவாக வைத்திருக்கிறோம் என்பார்கள். உண்மையில் பத்திரம் செய்ய ஆள் இல்லை.

படி 2: "சம்போங் பாயார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

"முன்பணம் மூவாயிரம் கொடு, மாசாமாசம் பேங்க் தவணைய என்கிட்ட கட்டு, முடிஞ்சதும் பேர் மாத்தித் தர்றேன்." இதுதான் சம்போங் பாயார். கேட்க நன்றாக இருக்கும். கடன் கிடைக்காத பிள்ளைகள் இதில்தான் விழுகிறார்கள். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

கடன் அவர் பெயரில், கெரான் அவர் பெயரில், கட்டுவது மட்டும் நீங்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வாங்கிய காடியைப் பேங்க்குக்குத் தெரியாமல் இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு உரிமையே இல்லை. நீங்கள் கொடுத்த தவணையை அவர் பேங்க்கில் கட்டாமல் விட்டால், தொடர்ந்து 2 மாதம் பாக்கி விழுந்தபின் பேங்க் 21 நாள் நோட்டீஸ் அனுப்பிக் காடியை இழுக்கலாம். அந்த நோட்டீஸ் போகும் முகவரி உங்களுடையது அல்ல. ஒரு நாள் காலையில் வாசலில் காடி இருக்காது, அவ்வளவுதான். கொடுத்த முன்பணத்துக்கும் கட்டிய தவணைகளுக்கும் உங்கள் கையில் என்ன இருக்கும்?

படி 3: பகல் வெளிச்சத்தில் காடியைப் பாருங்கள்

மழையில் பார்க்காதீர்கள். நனைந்த காடியில் பெயிண்ட் வித்தியாசம் தெரியாது. தெரிந்த வொர்க்‌ஷாப் அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

உங்களாலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முன் சீட்டின் சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரைக்கும் இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தைப் பாருங்கள். அங்கே மங்கலாகச் சேற்றுக்கோடு படிந்திருந்தால் காடி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. சீட்டையும் கார்ப்பெட்டையும் கழுவி வாசனை அடித்துவிடலாம், பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை.

பிறகு டார்ச் எடுத்து சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கெரானோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். செம்மண் பாதையில் ஓடிய காடியில் எண்கள் மண்ணுக்கும் எண்ணெய்க்கும் அடியில் மறைந்திருக்கும். பழந்துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் தெரியும். சுரண்டாதீர்கள்.

படி 4: புஸ்பாகோம்

புஸ்பாகோம் என்பது காடிகளைச் சோதிக்கும் நிறுவனம். பெயர் மாற்றத்துக்கான சோதனையின் பெயர் பி5. இணையத்தில் நாள் குறித்துவிட்டுக் காடியைக் கொண்டுபோக வேண்டும். எண்கள் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, காடியில் சட்டத்துக்கு மாறாக ஏதும் மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பேங்க் கடனில் வாங்கினால் அதோடு பி7 சோதனையும் கேட்பார்கள்.

பலருக்குத் தடங்கலாவது கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத்தாள். முன் கண்ணாடி 70 விழுக்காடு, முன் இருக்கைப் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பின்பக்கத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. நம்பர் பிளேட்டில் சாய்ந்த எழுத்து, அலங்கார எழுத்து இருந்தால் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். சோதனைச் செலவை யார் கொடுப்பது என்று விலை பேசும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் மனத்தாங்கல்தான்.

படி 5: இன்சூரன்ஸ் உங்கள் பெயரில்

பழைய சொந்தக்காரர் இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் ஓடும் என்று சொல்லலாம். அது அவருடையது, காடியோடு உங்களுக்கு வராது. ஜேபிஜேக்குப் போகும் முன்பே உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கிளேம் செய்யாதவருக்குக் கிடைக்கும் என்சிடி தள்ளுபடியும் ஆளைச் சேர்ந்தது. முதல் காடி என்றால் உங்களுக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கிளேம் செய்யாமல் ஒரு வருடம் ஓட்டினால் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என்று ஏறி 55இல் நிற்கும். விற்கிறவர்களும் கவனியுங்கள்: உங்கள் என்சிடியைக் கழற்றி அடுத்த காடிக்குக் கொண்டுபோகலாம், மிச்ச மாதங்களுக்கு உரிய பணத்தையும் கேட்கலாம். ஆற்றோரம், தாழ்வான தாமானில் இருப்பவர்கள் வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு எடுங்கள். சாதாரண முழு இன்சூரன்ஸில் பெரும்பாலும் அது சேராது.

ரோட் டாக்ஸ் கணக்கு சுலபம். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை 20 ரிங்கிட், 1.3 மைவிக்கு 70, 1.5க்கு 90. 1,600 சிசி தாண்டினால் 200க்கு மேல் ஏறத் தொடங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய காடி வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 6: இருவரும் ஒன்றாக ஜேபிஜேக்கு

கே3ஏ பாரம், அசல் கெரான், இருவர் ஐசி, பி5 சான்று. கவுண்டரில் மாற்றும்போது இருவரும் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ரேகை என்பதால்தான் "கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீயே போய் மாத்திக்க" என்பதை ஏற்காதீர்கள் என்கிறேன். விலையில் ஒரு சிறு பங்கை முன்பணமாகக் கொடுத்து ரசீது எழுதி வாங்குங்கள். மீதியைப் பெயர் மாறிய பிறகு கொடுங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

காடியை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலை பத்து மணி என்று எழுதினால், அதற்கு முந்திய சம்மன் அவருடையது, பிந்தியது உங்களுடையது.

போன வருடம் அப்பா தன் இன்னொரு காடியை விற்றார். இந்த முறை நானும் கூடப் போனேன். மரம் வெட்டிய கை, ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். இயந்திரத்தில் வைத்தார், சிவப்பு. மறுபடி வைத்தார், சிவப்பு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டர் அம்மா பொறுமையாக ஈரத் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லி, இடது பெருவிரலை வைக்கச் சொன்னார். ஐசியில் இரண்டு பெருவிரலும் பதிவாகியிருக்கும். பச்சை விழுந்தது. வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கையில் தேங்காய் எண்ணெய் தடவி ஊற வைத்து, காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போனால் எங்களுக்கு உதவுகிறது.

படி 7: வீட்டுக்கு வந்தபின்

வாங்கியவர் கெரானை வீட்டில் வையுங்கள், காடிக்குள் வேண்டாம். மைஜேபிஜே செயலியில் நுழைந்தால் காடி உங்கள் பெயரில் தெரியும். 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் காடியின் கண்ணாடியில் ரோட் டாக்ஸ் ஒட்ட வேண்டியதில்லை, செயலியில் இருப்பதே போதும்.

விற்றவரும் அதே செயலியைத் திறந்து, தன் பட்டியலிலிருந்து அந்த நம்பர் போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள். அப்பா அன்று சாயங்காலம் என் போனை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். பிறகு சாமி மேடைக்குப் போய், விளக்குக்குப் பக்கத்தில் இத்தனை வருடமாக இருந்த அந்த மடித்த கடிதத்தை எடுத்தார்.