வீட்டில் செய்த வாட்டர் கூலிங்: சூடு ஏறியதற்குக் காரணம் அலுமினியம்

தண்ணீரால் குளிர்விக்கும் கம்ப்யூட்டரில் சிபியு (பிராசஸர்) சூடு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் முதலில் பிளாக்கை, அதாவது சிபியு மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகத் துண்டைத் திறந்து பாருங்கள். என் செட்டில் செம்பு பிளாக்கின் நுண்ணிய வரிகளுக்குள் வெள்ளைக் கசடு அடைத்திருந்தது. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் மலிவான அலுமினிய ரேடியேட்டர்தான் காரணம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், கரைவது அலுமினியம். டிஸ்டில்டு வாட்டர் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

செம்பு, பித்தளையில் செய்த 240 மி.மீ. ரேடியேட்டருக்கு மாற்றினேன், ஒரு சிபியுவுக்கு அது தாராளம். பிளாக்கை நீர்த்த வினிகரும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசினேன். குழாய் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 13. ஒவ்வொரு மூட்டிலும் கிளாம்ப் கட்டாயம். தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்ப் சீக்கிரமே போய்விடும்.

கசிவு சோதனைக்கு மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பவர் இணைப்புகளைக் கழற்றுங்கள். சுவர் பிளக்கை எடுத்துவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் (16, 17ஆம் பின்கள்) பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு சுவர் பிளக்கை மாட்டினால் பம்ப் மட்டும் ஓடும். மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் ஓட்டுங்கள். இடையிடையே கேஸைச் சாய்த்தால் காற்றுக்குமிழ் வெளியேறும். கலர் திரவம் வேண்டாம். அழகுக்கு ஊற்றுவது கடைசியில் பிளாக் வரிகளில்தான் படியும்.